எண்ணெய் வர்ணத்தில் புயல் கடலைத் தீட்டுவது: வன்னிக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் ஓவியம் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் பாடசாலையில் சித்திரம் படித்து, நீர்வண்ணமும் பேஸ்டலும் கை பழகி, இப்போதுதான் எண்ணெய் ரியூப்பைத் திறப்பவர்கள். எல்லாருக்கும் முதல் ஆசை கடல். அதிலும் கொந்தளிக்கிற கடல். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புயலை நிறத்தில் தேடவேண்டாம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்ற இரண்டும் சரியாக இருந்தால் சாம்பலும் மண்ணிறமும் வைத்தே புயலைக் கொண்டுவரலாம்.

நீர்வண்ணம் நன்றாக வருகிறது. பிறகு எதற்கு எண்ணெய் வர்ணம்?

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். நுரைக்கு எங்கெங்கே இடம் விடவேண்டும் என்று தொடங்கும்போதே முடிவு செய்யவேண்டும். கொந்தளிக்கிற கடலில் அது பெரிய தலையிடி. எண்ணெயில் இருட்டிலிருந்து தொடங்கி வெளிச்சத்துக்கு வரலாம், வெள்ளையைக் கடைசியில் வைக்கலாம், பிடிக்காவிட்டால் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். நேற்று வைத்த மேகம் இன்றும் ஈரமாக இருக்கும், அதன் விளிம்பை இன்று தேய்த்து மென்மையாக்கலாம். செலவு கூடத்தான். அப்புறம் பொறுமையும் வேண்டும்.

எந்த மாதத்தில் போய்ப் பார்ப்பது?

முல்லைத்தீவுக் கரை கிழக்கே வங்காள விரிகுடாவைப் பார்த்தபடி கிடக்கிறது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மே தொடக்கம் செப்டெம்பர் வரை காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். கரையோரம் கடல் பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். மாரி பிறந்து வாடை என்கிற வடகிழக்குக் காற்று தொடங்கினால்தான் கடல் எழும்பும். நவம்பர், டிசெம்பர், ஜனவரி மாதங்கள் உங்களுடையவை.

ஆனால் ஓவியக்காரருக்கு அதைவிட நல்ல காலம் ஒக்டோபரின் பின்பகுதி. வாடை முழுதாக இறங்காத அந்த நாட்களில் மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், பின்னேரம் இடியுடன் மேகம் கட்டும். அந்த மேகம் கடலுக்கு மேலே கறுத்து நிற்க, மேற்கே இறங்குகிற சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து அலையின் நெற்றியில் அடிக்கும். பின்னால் கரிய வானம், முன்னால் எரிகிற நுரை. மேற்குக் கடற்கரைக்காரர்களுக்கு இந்தப் பின்னேரக் காட்சி கிடைக்காது. கொஞ்ச நேரம்தான் நிற்கும், அதனால் சின்னத் துண்டுகளில் நிறக்குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பெரிதாகச் செய்யுங்கள்.

அலம்பில், செம்மலை, நாயாறு என்று தெற்கே போகப் போக மணலும் மாறும். கொக்கிளாய்ப் பக்கம் இல்மனைட் கலந்த கருமணல் உண்டு. அங்கே நனைந்த கரையைப் பொன்னிற மணலாகத் தீட்டினால் அந்த ஊர் ஆட்கள் சிரிப்பார்கள்.

புயல் எச்சரிக்கை வந்த நாளில் கரைக்குப் போய் வரையலாமா?

வேண்டாம். இதற்கு நீண்ட பதில் தேவையில்லை, இருந்தாலும் ஒரு கதை சொல்கிறேன். ஆங்கில ஓவியர் டேணர் 1842இல் காட்சிக்கு வைத்த பனிப்புயல் ஓவியத்துக்காகத் தன்னைக் கப்பலின் பாய்மரத்தில் நாலு மணிநேரம் கட்டிவைக்கச் சொன்னதாகச் சொல்வார்கள். அப்போது அவருக்கு அறுபது வயதுக்கு மேல். கலை வரலாறு படித்தவர்களில் பலர் அதை நம்புவதில்லை. நம்பாமல் விடுவதே எங்களுக்கும் நல்லது.

இன்னொன்று, பெரிய புயல் வரும்போது பார்க்கவும் எதுவும் இருக்காது. 2020இல் புரெவி சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடந்தது டிசெம்பர் 2ஆம் திகதி இரவில். இருட்டில் மழைத் தாரைக்கு அப்பால் கண்ணுக்கு என்ன தெரியும்? ஓவியத்துக்கு வேண்டியதெல்லாம் புயலுக்கு முதல் நாள் வானத்திலும், காற்று விழுந்த பிறகும் அடங்காமல் வருகிற அலையிலும் இருக்கிறது. அதையும் சவுக்குத் தோப்புக்கு இப்பால், உயரமான இடத்தில் நின்று பாருங்கள். மின்னல் தெரிந்தால் வெறும் மணல்வெளியிலும் நிற்கக்கூடாது, தனிப் பனைக்குக் கீழும் நிற்கக்கூடாது.

சேர், போனில் எடுத்த போட்டோவைப் பார்த்துச் செய்தால் பிழையா?

பிழை இல்லை. ஆனால் போன் பொய் சொல்லும் இடங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். நுரையை அது ஒரே வெள்ளையாக எரித்துவிடும், அல்லது மேகத்தை ஒரே கறுப்பாக அடைத்துவிடும். உங்கள் கண் இரண்டுக்குள்ளும் பத்து வகை சாம்பலைப் பார்க்கும். தூரத்து அலைகளையும் போன் சின்னதாக்கிவிடும்.

போட்டோவைவிட வீடியோ நல்லது. ஒரே அலை எழுந்து, மெலிந்து, கவிழ்ந்து, நொறுங்குவதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஓர் அலையைப் பலமுறை அப்படிப் பென்சிலால் கீறிப் பழகினால் பிறகு போன் தேவைப்படாது. கருங்கடலோரம் ஃபியோடோசியாவில் பிறந்த ஐவசோவ்ஸ்கி (1817–1900) தன் பெரிய கடல் ஓவியங்களை ஓவியக்கூடத்தில் இருந்து நினைவிலிருந்தே தீட்டினார். அலையின் அசைவைத் தூரிகை நேரில் பிடிக்க முடியாது என்பது அவருடைய எண்ணம். 1850இல் அவர் முடித்த ‘ஒன்பதாவது அலை’ 3 மீற்றருக்கு மேல் அகலம். அதைக் கரையில் வைத்து யார் தீட்டுவது?

எந்தெந்த நிறங்கள் வாங்கவேண்டும்?

டைட்டேனியம் வெள்ளை (பெரிய ரியூப்), அல்ட்ராமரைன் நீலம், பிரஷ்யன் நீலம், விரிடியன் பச்சை, மஞ்சட்காவி, பேர்ன்ட் சியன்னா, பேர்ன்ட் அம்பர். இவ்வளவும் போதும். பன்னிரண்டு நிறப் பெட்டி வாங்கினால் பாதி ரியூப் திறக்காமலே இறுகும்.

கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பேர்ன்ட் அம்பரும் கலந்தால் கறுப்புக்குக் கிட்ட ஓர் இருள் வரும். நீலம் கூட்டினால் குளிரும், அம்பர் கூட்டினால் சூடாகும். ரியூப் கறுப்பு ஒரேயடியாகச் செத்த நிறம், காயவும் பிந்தும். பிரஷ்யன் நீலத்தில் மட்டும் கவனம். அது பொல்லாத நிறம், துளி விட்டாலும் முழுத் தட்டையும் பிடித்துவிடும்.

மேகச் சாம்பலுக்கு அல்ட்ராமரைனும் பேர்ன்ட் சியன்னாவும் வெள்ளையும். அலையின் பச்சைக்கு விரிடியனும் மஞ்சட்காவியும். வேறு எந்தச் சூத்திரமும் நான் தரமாட்டேன், நீங்களே கலந்து பாருங்கள்.

எங்கள் கடல் மாரியில் நீலமாகவே இல்லையே. உள்ளபடி தீட்டினால் சேறு மாதிரி இருக்காதா?

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். மழை கூடி நந்திக்கடல் நிரம்பி வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டுப்பட்டதும் களப்புத் தண்ணீர் மண்ணிறமாகக் கடலுக்குள் இறங்கும். நாயாற்றிலும் இதே கதைதான். அலை அடிமணலையும் கிளப்பும். ஆகவே கரையோரம் கபிலம், அதற்கு அப்பால் அழுக்குப் பச்சை, தூரத்தில் வானத்தின் சாம்பல் என்று பட்டை பட்டையாகத் தெரியும். ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்து முழுக் கடலையும் கருநீலமாக்குகிறவர்கள் இந்தப் பட்டைகளைத் தொலைத்துவிடுகிறார்கள். எனக்கு அவைதான் முல்லைத்தீவு.

படம் சேறாகத் தெரிவதற்கு மண்ணிறம் காரணமில்லை. எல்லா இடமும் ஒரே அளவு இருட்டாக இருப்பதுதான் காரணம். கபிலத் தண்ணீருக்குப் பக்கத்தில் சாம்பல் நீல நிழல் வைத்துப் பாருங்கள், இரண்டும் உயிர் பெறும்.

கன்வஸ் விலை கட்டாது. வேறு எதில் செய்யலாம்?

ஹாட்போட் நல்லது. வழுவழுப்பான பக்கத்தை மணல்தாளால் லேசாக உரசி, அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு மூன்று தரம் பூசுங்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. பின்பக்கத்துக்கும் நாலு விளிம்புக்கும் கட்டாயம் பூசவேண்டும். மாரி ஈரம் விளிம்பால் ஏறிப் பலகையை ஊதவைக்கும், பின்பக்கம் பூசாவிட்டால் வளையும். கன்வஸ் வாங்க வசதி உள்ளவர்களுக்கும் ஒரு செய்தி: நல்ல மழை நாளில் கன்வஸ் தொய்யும், பயப்படவேண்டாம், வெயில் வந்தால் தானாக இறுகும். சட்டத்தின் மூலைகளில் ஆப்பு அடிக்கிறேன் என்று அப்போது இழுத்துவிட்டால் பங்குனியில் கஷ்டம்.

சுவருக்குப் பூசும் எமல்ஷனை அடிப்பூச்சாக அடிக்கலாமா என்று கேட்பார்கள். பழகுகிற படங்களுக்கு அடியுங்கள். விற்கிற படத்துக்கு வேண்டாம்.

லின்சீட் எண்ணெய் கிடைக்கவில்லை. தேங்காய் எண்ணெய் விடலாமா? மண்ணெண்ணெய்?

தேங்காய் எண்ணெய் எந்தக் காலத்திலும் காயாது. நல்லெண்ணெயும் இதற்கு உதவாது. லின்சீட், அதாவது ஆளிவிதை எண்ணெய், காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துத் தானாக இறுகிப் படலமாகும் எண்ணெய். அந்தக் குணம்தான் ஓவியத்துக்கு வேண்டியது. வால்நட் எண்ணெய்க்கும் அது உண்டு, எங்கள் கடைகளில் தேடுவது வீண்.

மண்ணெண்ணெயால் பிரஷ் கழுவலாம். வர்ணத்தில் கலக்கக்கூடாது, பிசுக்கு நிற்கும். ஹாட்வெயார் கடையில் டேர்பன்டைன் என்று கேட்டு வாங்குங்கள். தின்னர் என்று கேட்டால் லாக்கர் தின்னரைத் தந்துவிடுவார்கள், அது அடியிலுள்ள வர்ணத்தையும் கரைத்துவிடும், மணமும் தலையைச் சுற்றவைக்கும். டேர்பன்டைனையும் யன்னல் பூட்டிய அறைக்குள் திறந்து வைக்கவேண்டாம்.

ஒரு விதி மட்டும் மனதில் இருக்கட்டும்: கீழே மெலிவு, மேலே கொழுப்பு. முதல் பூச்சுக்கு டேர்பன்டைன் மட்டும், மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக லின்சீட். மாற்றிச் செய்தால் மேற்பூச்சு முதலில் இறுகி, அடிப்பூச்சு பிறகு அசைந்து, படம் வெடிக்கும்.

வெறும் பலகைக்கு முன்னால் இருக்கிறேன். எங்கே தொடங்குவது?

வெள்ளைப் பலகையில் தொடங்கவேண்டாம். பேர்ன்ட் சியன்னாவை டேர்பன்டைனில் நன்றாகக் கரைத்துப் பலகை முழுதும் மெல்லிதாகத் தேய்த்துவிடுங்கள். இந்தச் சூட்டு நிறம் பின்பு சாம்பல்களுக்கு இடையால் எட்டிப்பார்க்கும்.

காய்ந்ததும் அம்பரால் ஆறேழு கோடு மட்டும். தொடுவானம், பெரிய மேகத்தின் சரிவு, முக்கிய அலையின் முதுகு, கரையின் வளைவு. தொடுவானத்தை நடுவில் வைக்கவேண்டாம். புயல் படத்தில் வானம்தான் கதாநாயகன் என்பது என் கருத்து, அதற்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள். அலைதான் முக்கியம் என்கிறவர்கள் தலைகீழாகச் செய்யலாம்.

பிறகு வானம். பெரிய பிரஷ், நிறைய வர்ணம். மேகம் கீழே தட்டையாகவும் இருட்டாகவும், மேலே உடைந்தும் இருக்கும். பிரஷ் வீச்சு எல்லாம் காற்றின் திசையில் போகட்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டு வெள்ளை இடிமேகம் போடாதீர்கள். வானத்தில் மிக வெளிச்சமான இடம்கூட நுரையைவிட ஒரு படி இருட்டாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நுரைக்கு வெளிச்சம் மிச்சமிருக்காது. வானத்தில் மிஞ்சிய சாம்பலையே எடுத்துத் தூரக் கடலைத் தீட்டுங்கள். தண்ணீர் வானத்தைத்தான் திருப்பிக் காட்டுகிறது, தனியாக ஒரு நீலம் கலந்தால் கடல் வெட்டி ஒட்டியது போல நிற்கும்.

அப்புறம் முக்கிய அலையை ஒரே இருட்டுத் திரளாக வையுங்கள். நுரை இல்லை, பளபளப்பு இல்லை. இந்த நிலையில் பலகையைத் தலைகீழாகத் திருப்பி எட்டி நின்று, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இருட்டு, நடுத்தரம், வெளிச்சம் என்று மூன்று பெரிய துண்டுகளாகத் தெரிகிறதா? தெரிந்தால் அன்றைக்குக் கையைக் கழுவிவிட்டுப் போய்ச் சாப்பிடலாம். தெரியாவிட்டால் அதன்மேல் எவ்வளவு நுரை போட்டாலும் படம் எழும்பாது.

என் அலை பிளாஸ்ரிக் செய்தது மாதிரி வருகிறது. ஏன்?

பெரும்பாலும் வெளிச்சம் இரண்டு பக்கமிருந்து வருவதால். இணையத்தில் பார்த்த படங்களில் அலையின் உச்சி கண்ணாடிப் பச்சையாக மினுங்கும். அந்த மினுக்கம் சூரியன் அலைக்குப் பின்னால் இருந்தால்தான் வரும். மெலிந்த உச்சியை வெளிச்சம் ஊடுருவி உங்கள் கண்ணுக்கு வருகிறது. முல்லைத்தீவில் அது காலையில் மட்டும் நடக்கும், ஏனென்றால் சூரியன் கடலுக்கு மேலே எழும்புகிறது. பின்னேரத்தில் சூரியன் உங்களுக்குப் பின்னால். அப்போது அலையின் முகம் மூடிய, கனத்த நிறம். மினுக்கம் இல்லை, ஆனால் நுரை எரியும். முழு மூட்டமாக இருந்தால் இரண்டும் இல்லை. பச்சை மினுக்கத்தையும் எரிகிற நுரையையும் ஒரே அலையில் வைத்தால் பார்ப்பவருக்குக் காரணம் விளங்காது, ஆனால் ஏதோ பொய் என்று தெரியும்.

காலை அலை செய்வதாக இருந்தால் மினுக்கத்தை ஒரு சின்ன யன்னல் அளவுக்கு மட்டும், உச்சிக்குக் கீழே, அலை மிக மெலிந்த இடத்தில் வையுங்கள். விரிடியன், மஞ்சட்காவி, கொஞ்சம் வெள்ளை. கீழே இறங்க இறங்க இருட்டாகவேண்டும். கலங்கிய நாளில் அந்த யன்னலும் பச்சையாக இராது, தேயிலைச் சாயத் தண்ணீர் போலக் கபிலமாக இருக்கும்.

இரண்டாவது காரணம், எல்லா அலையும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையும். 1 மீற்றர் அலை இடுப்பைத் தாண்டிய ஆழத்திலும், 2 மீற்றர் அலை ஆளை மூடும் ஆழத்திலும் உடையும். ஆகவே பெரியது தூரத்திலும் சின்னது கிட்டவும் உடைந்து, கரைக்கு முன்னால் பல வரிசை நுரை நிற்கும். வாடைக் காற்று கரையை நேராக அடிக்காமல் சரிவாக அடிப்பதால் ஒரே அலையும் ஒரு முனையில் முதலில் உடைந்து மற்ற முனைவரை ஓடும். அந்தச் சரிவைக் கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

நுரைக்கு எவ்வளவு வெள்ளை?

நினைப்பதில் கால்வாசி. ஒரு வெள்ளைத் தாள் துண்டைக் கையில் பிடித்தபடி கரையில் நின்று நுரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூட்டமான நாளில் நுரை தாளைவிட நன்றாகச் சாம்பல். முதலில் நுரையின் நிழலை வையுங்கள்: அல்ட்ராமரைன், துளி சியன்னா, வெள்ளை. அது காய்ந்த பிறகு வெளிச்சம் படும் விளிம்புகளில் மட்டும் தடித்த வெள்ளை, அதிலும் மஞ்சட்காவி கொஞ்சம். பலெற் கத்தியால் வைத்தால் உடைந்த விளிம்பு கிடைக்கும். சுத்த வெள்ளை படம் முழுவதிலும் இரண்டு மூன்று இடத்தில்தான் வரவேண்டும்.

அலை முகத்தில் ஏறும் பழைய நுரை வலை போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்த ஓட்டைகள் அடியில் அகலமாகவும் மேலே நீண்டு மெலிந்தும் அலையின் வளைவோடு ஏறும். நேர்கோட்டில் போட்டால் அலை சுவராகிவிடும்.

எல்லாம் இருக்கிறது, காற்று மட்டும் இல்லை. என்ன குறை?

தெறிப்பு எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். அலை உச்சியிலிருந்து பின்னோக்கிக் கடலுக்குப் பறக்கும் அழகான நீர்த்திரை உங்கள் படத்தில் இருந்தால், அது தரையிலிருந்து அடிக்கும் காற்று. எங்கள் கரையில் அது சோளகக் காலத்துக் காட்சி. மாரியில் வாடை கடலிலிருந்து வருகிறது, தெறிப்பு உச்சியைத் தாண்டி முன்னுக்கு, கரைப் பக்கமாக விழும், அலையும் சீக்கிரம் கவிழும். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துத் தெறிப்பையும், உள்ளூர் நினைவிலிருந்து மேகத்தையும் எடுத்தால் இரண்டு காற்று ஒரே படத்தில் அடிக்கும். சவுக்கு ஒரு பக்கம், பனையோலை வேறு பக்கம் சாய்ந்த படங்களும் பார்த்திருக்கிறேன்.

காற்றின் வேகத்துக்கும் அடையாளம் உண்டு. மணிக்கு 20 கிலோமீற்றர் தாண்டினால் கடல் முழுதும் வெண்தலைகள் தெரியத் தொடங்கும். 60ஐத் தாண்டினால் நுரை காற்றின் திசையில் நீளக் கோடுகளாக இழுபடும். புயல் என்று பெயர் வைத்துவிட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு வெண்தலை போட்டால் யார் நம்புவார்?

தொடுவானம் எவ்வளவு உயரத்தில்? அலை அதைத் தாண்டலாமா?

தொடுவானம் எப்போதும் உங்கள் கண் மட்டத்தில்தான். மணலில் நிற்கும் ஒருவருக்கு அது 4 கிலோமீற்றர் சொச்சம் தூரத்தில் இருக்கும். உங்கள் கண்ணைவிட உயரமான அலை தொடுவானத்தை மறைக்கும், உயரம் குறைந்த அலை மறைக்காது. ஒரு அலையாவது தொடுவானத்தை வெட்டினால் பார்ப்பவர் வயிற்றில் ஒரு கலக்கம் வரும். கோடு மட்டும் மட்டமாக இருக்கவேண்டும். கூர்மையாக வேண்டாம், ஈரத்தோடு ஈரமாக ஒரு காய்ந்த பிரஷால் தடவி ஆங்காங்கே அழித்துவிடுங்கள்.

மழையைக் கோடு கோடாகப் போடலாமா?

கூடாது. தூரத்து மழை மேகத்தின் அடியிலிருந்து தொங்கும் சாம்பல் திரை. மேகம் ஈரமாக இருக்கும்போதே அகலமான பிரஷால் காற்றின் சரிவில் கீழ்நோக்கி ஓர் இழுவை, அவ்வளவுதான்.

வள்ளமும் ஆட்களும் வைத்தால் படம் விலைபோகும் என்கிறார்கள்.

இருக்கலாம். ஆனால் மாரியில் வள்ளம் கடலில் இருக்காது. ஃபைபர் வள்ளங்களை மீனவர் வாடிக்கு மேலே, அடம்பன் கொடி படர்ந்த இடம்வரை இழுத்து வைத்திருப்பார்கள். அதைத் தீட்டுங்கள், எஞ்சின் கழற்றிய வெறும் வள்ளம் புயலைப் பற்றி நிறையச் சொல்லும். பாய்க்கப்பல் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் மெய்ன் மாநிலக் கரையில் வசித்து, 1895இல் வடகிழக்குக் காற்றுப் புயல் ஒன்றைத் தீட்டினார். முதலில் பாறையில் இரண்டு ஆட்கள் இருந்தார்கள். காட்சிக்கு வைத்த பிறகு அவர்களை அழித்துவிட்டுத் தெறிப்பைப் பெரிதாக்கினார். இன்று நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் இருப்பது ஆளில்லாத படம்தான். ஆட்களை வைத்துப் பாருங்கள், பிறகு விரலால் மறைத்துப் பாருங்கள். இல்லாமலே நிற்கிறது என்றால் எடுத்துவிடுங்கள்.

நான் பூநகரிப் பக்கம். எங்கள் கடலில் பெரிய அலையே இல்லையே?

பாக்குநீரிணை ஆழமில்லாதது, அலை குட்டையாக, நெருக்கமாக, கோபமாக வரும். கவிழும் பெரிய அலையைத் தேடவேண்டாம். சோளகம் நேரத்தில் நாச்சிக்குடாவில் போய் நின்றால் நொறுங்கிய கடலும் பெரிய வானமும் கிடைக்கும், சூரியனும் கடலுக்குள் விழும். தொடுவானத்தை நன்றாகக் கீழே இறக்கி, வானத்துக்கு முக்கால்வாசி கொடுத்துவிடுங்கள்.

முல்லைத்தீவுக் கடலைக் கீறினால் எல்லாரும் 2004ஐயும் 2009ஐயும்தான் கேட்கிறார்கள்.

கேட்பார்கள். இந்தக் கரையில் ஆளை இழக்காத வீடு குறைவு, பார்ப்பவர் கொண்டுவருவதை நீங்கள் வாசலில் நிறுத்த முடியாது. நான் சொல்லக்கூடியது தீட்டுகிற விடயம் மட்டும். 2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையைக் காற்று எழுப்பவில்லை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலநடுக்கம் எழுப்பியது. அது கடலே உயர்ந்து தரைக்குள் ஓடிவந்தது. அதைப் புயல்மேகத்தோடும் சுருண்ட அலையோடும் தீட்டுவது நடந்ததை மாற்றுவது. 2009இல் யுத்தத்தின் கடைசி மாதங்கள் முடிந்த கரையும் இதுதான். அதைத் தீட்ட விரும்புகிறவர் நேராகத் தீட்டட்டும். சிவப்பு வானம் ஒன்றைப் புயலுக்கு மேலே போட்டுவிட்டு மிச்சத்தைப் பார்ப்பவர் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காது. வெறுமனே கடலைத் தீட்டவும் எங்களுக்கு உரிமை உண்டு.

மாரியில் படம் காயவே இல்லை. வெயிலில் வைக்கலாமா?

ஈரக் காற்றில் எண்ணெய் மெதுவாகத்தான் இறுகும். அம்பரும் பிரஷ்யன் நீலமும் கெதியாகக் காயும், டைட்டேனியம் வெள்ளை பிந்தும், தடித்த நுரை எல்லாவற்றுக்கும் கடைசி. உச்சி வெயிலில் வைத்தால் மேல்தோல் சுருங்கும். காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள அறையில், சுவரைப் பார்த்தபடி சாய்த்து வையுங்கள். அலுமாரிக்குள் பூட்டினால் லின்சீட் மஞ்சளிக்கும்.

முதல் மழைக்குப் பிறகு இரவில் விளக்குப் போட்டு வேலை செய்யாதீர்கள். ஈசல் முழுவதும் உங்கள் நுரையில் ஒட்டும். ஒட்டிவிட்டால் ஈரத்தில் கிளறாமல் காயவிட்டு ஊசியால் எடுங்கள். சோளகத்தில் ஈசல் இல்லை, புழுதி உண்டு.

எண்ணெய்த் துணி தானாக எரியும் என்பது உண்மையா?

உண்மை. லின்சீட் இறுகும்போது சூடு வரும். கசக்கிக் குவித்த துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, யாரும் பற்றவைக்காமலே நெருப்புப் பிடிக்கும். தகரக் கூரை வீட்டில், கிடுகு வேலிக்குப் பக்கத்தில், இதில் விளையாட்டு வேண்டாம். துணியை விரித்து வெளியே கொடியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த தகரப் பேணியில் அமிழ்த்தி மூடுங்கள். குப்பைக்கூடையில் சுருட்டிப் போட்டுவிட்டுப் படுக்கப் போகக்கூடாது.

வார்னிஷ் எப்போது?

தடித்த நுரை உள்ள படத்துக்கு ஆறு மாதம் தொடக்கம் ஒரு வருடம் வரை பொறுங்கள். அடுத்த சோளகத்தில், மழை இல்லாத, புழுதி அடங்கிய ஒரு காலையில் பூசுங்கள். தளபாட வார்னிஷ் வேண்டவே வேண்டாம்.

காட்சிக்குக் கொடுக்க வேண்டும், படம் இன்னும் ஈரம். யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது?

அதே அளவு இன்னொரு பலகை எடுங்கள். படத்தின் நாலு மூலையிலும் அழிறப்பர் துண்டு வைத்து, அதன்மேல் பலகையைக் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்து நூல்கயிற்றால் கட்டுங்கள். நடுவில் காற்று போக இடம் இருக்கும், எதுவும் வர்ணத்தில் முட்டாது. அதற்கு மேலே பொலித்தீன் சுற்றுங்கள், ஏனென்றால் பரந்தன் சந்தியில் பஸ் மாறும்போது மழை பிடிக்கும். போய்ச் சேர்ந்ததும் பொலித்தீனை உடனே கழற்றவேண்டும். மேல்தட்டில் வைக்க விடாதீர்கள், சாரதி இருக்கைக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்து, கொண்டக்டரிடம் ஈரப் படம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் யாராவது அரிசி மூட்டையைச் சாய்த்துவிடுவார்கள்.